ஆணியும் கூடாது, டேப்பும் நிற்கவில்லை: சுவரில் எப்படித்தான் மாட்டுவது?

கேள்வி: தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். ஆணி அடிக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அட்டைப்பெட்டி, பழைய கல்யாணப் பத்திரிகைகளை வைத்து நானே செய்த சுவர் அலங்காரத்தை இருபக்க டேப்பில் ஒட்டினேன். பெயிண்டோடு பெயர்ந்து விழுந்துவிட்டது. வேறு என்ன வழி? அம்மாவின் நைந்துபோன காஞ்சிப் பட்டின் பார்டரை வெட்டி அட்டையில் ஒட்டலாமா?

பதில்: டேப்பின் மேல் தப்பில்லை. வாடகை வீடுகளில் பெரும்பாலும் பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் அதன் மேலேயே மலிவு டிஸ்டெம்பரை அடித்துவிடுகிறார்கள். சுவரை உள்ளங்கையால் தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு மாதிரி ஒட்டினால் அந்தச் சுவரில் எந்த டேப்பும் நிற்காது. டேப் பெயிண்டைப் பிடித்துக்கொள்கிறது, பெயிண்ட்தான் சுவரை விட்டுவிடுகிறது. ‘பத்து கிலோ தாங்கும்’ என்று ஆன்லைனில் விற்கும் ஒட்டுக் கொக்கிகளையும் நம்ப வேண்டாம். அது வழவழப்பான டைல்ஸுக்கும் கண்ணாடிக்கும் போட்ட கணக்கு.

அதனால் சுவரை விட்டுவிடுங்கள். முன்பு குடியிருந்தவர்கள் காலண்டருக்கு அடித்த ஆணி எங்காவது ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் லாஃப்ட் விளிம்பு, ஜன்னல் கம்பி, ஸ்கிரீன் ராடு, ஏதாவது ஒன்று போதும். தேய்ந்துபோன ஒட்டடைக் குச்சியின் மூங்கிலை மூன்றடிக்கு அறுத்து, இரு முனையிலும் சணல் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். அந்த மூங்கிலிலிருந்து தூண்டில் நரம்பில் உங்கள் துண்டுகளை ஏற்ற இறக்கமாகக் கட்டுங்கள். ஃபேன் காற்றில் சுழலாமல் இருக்க ஒவ்வொன்றின் பின்பக்கமும் அடியில் ஒரு பழைய வாஷரை ஒட்டிவிடுங்கள்.

அட்டை வளைவதாகப் பலர் புலம்புகிறார்கள். ஒரு பக்கம் மட்டும் பசை தடவிக் காகிதம் ஒட்டினால், காயும்போது அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். பின்பக்கமும் ஒரு செய்தித்தாளை ஒட்டிவிட்டால் நேராக நிற்கும். பளபளப்பான கல்யாணப் பத்திரிகையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துவிட்டு ஒட்டுங்கள். மைதாப் பசை வேண்டாம், கரப்பானுக்கு விருந்து.

பெயர்ந்த பெயிண்ட் பற்றி ஒரு வார்த்தை. காலி செய்யும்போது ‘பெயிண்டிங் சார்ஜ்’ என்று ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் கழிப்பது சென்னையில் ஏதோ சாஸ்திரம் போல நடக்கிறது. புரோக்கரும் ‘எல்லா இடத்திலும் இதுதான் சார் வழக்கம்’ என்பார். நீங்கள் ஆணியே அடிக்காவிட்டாலும் கழிப்பார்கள். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தில், சுவருக்கு வெள்ளையடிப்பது வீட்டு உரிமையாளரின் பொறுப்புப் பட்டியலில்தான் இருக்கிறது. அட்வான்ஸும் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. ஆனால் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் அது செல்லும் என்று சட்டமே வழிவிட்டிருக்கிறது. அப்புறம் எந்தப் புரோக்கர்தான் எழுதாமல் விடுவார்? அடுத்த வீட்டுக்காவது குடிபோகும் நாளிலேயே சுவர்களைப் படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

இனி புடவை. பழைய புடவை, வேட்டி, சுடிதார் எதை வேண்டுமானாலும் தயங்காமல் வெட்டி ஒட்டலாம். அசல் ஜரிகை மட்டும் விதிவிலக்கு. உங்கள் அம்மாவின் புடவை அந்த ரகமாக இருக்கலாம் என்பதால் கத்திரியைக் கீழே வையுங்கள்.

அசல் ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளி இழையைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. உள்ளே இருக்கும் பட்டு நூல் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். பிசிறிய ஓரத்தில் ஒரே ஒரு இழையை உருவி, மேல் சுற்றை நகத்தால் பிரித்துப் பாருங்கள். சிவப்பு நூல் தெரிந்தால் அசலாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த இழையைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்தால் வெள்ளை தெரிந்தால் வெள்ளி, செம்பு நிறம் தெரிந்தால் செம்புக் கலப்பு. நெருப்பில் காட்டியதும் சுருண்டு உருண்டையானால் வெறும் பிளாஸ்டிக்; அதைத் தாராளமாக ஒட்டிக்கொள்ளுங்கள்.

அசல் என்றால் பசை படக் கூடாது. ரப்பர் பேண்டு போட்டுச் சுருட்டியும் வைக்கக் கூடாது, ரப்பரில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். அட்டையின் மேல் வெள்ளைப் பருத்தித் துணியைப் போர்த்தி, பார்டரை அந்தத் துணியோடு ஊசி நூலால் தைத்து, வெயில் படாத பக்கமாக மாட்டுங்கள்.

அசலோ போலியோ, ‘பழைய பட்டுப்புடவை எடுக்கிறோம்’ என்று தெருவில் கூவி வருகிறவரிடம் மட்டும் காட்டவே காட்டாதீர்கள். அவர் புடவையை எடை போட மாட்டார். விரித்துப் பார்த்து, ‘சாதா ஜரிகைதான்மா’ என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு, மொத்தமாக ஒரு தொகை சொல்வார், இல்லையென்றால் ஒரு பிளாஸ்டிக் குடம் தருவார். சாதா ஜரிகை என்றால் அவருக்கு எதற்கு? எரித்து வெள்ளியைப் பிரிப்பதுதான் அந்தத் தொழிலே. விற்கத்தான் வேண்டுமென்றால் பழைய ஜரிகை வாங்கும் கடைகள் இரண்டிலாவது கேளுங்கள். பரிசோதனையை உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லி, அன்றைய வெள்ளி விலையையும் கேட்டு, பார்டரை எடை போட்டுத்தான் விலை பேச வேண்டும். உள்ளே எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் புடவையைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.