பெட்டில போட்ட வாட்ஸ விடுங்க, அடாப்டர திருப்பிப் பாருங்க

கேள்வி: ஆன்லைன்ல சின்ன ப்ளூடூத் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) ஒண்ணு வாங்கினேன் சார், டிபிஏ3116 சிப் போட்டது, பெட்டில 100+100 வாட்ஸ்னு இருக்கு. ஸ்பீக்கர் ஒரு ஜோடி புக்ஷெல்ஃப், பின்னாடி 6 ஓம்ஸ், 86 டெசிபல், 80 வாட்ஸ்னு போட்டிருக்கு. ஆம்ப் பெருசு ஸ்பீக்கர் சிறுசு, ஊதிடும்ங்கறான் ஃப்ரெண்டு. ஆனா எனக்கு முக்கால் வால்யூம் தாண்டினாலே கரகரங்குது. பழைய 6 ஓம்ஸ் ஜோடி இன்னொண்ணு சும்மா கிடக்கு, அதையும் சேர்த்து மாட்டினா சவுண்டு கூடுமா? (திருச்சி வாசகர்)

பதில்: ஃப்ரெண்டு பயப்படுற அளவுக்கு உங்க ஆம்ப்ல சரக்கே இல்லைங்க. கூட வந்த அடாப்டர எடுத்துப் பாருங்க, இந்த மாதிரி ஆம்ப் கூட பெரும்பாலும் 12 வோல்ட் 5 ஆம்பியர்தான் குடுப்பாங்க. பெருக்கினா 60 வாட்ஸ். உள்ள போறதே 60, வெளிய 200 எங்கேர்ந்து வரும்? இன்னும் கறாரா கணக்கு போட்டா, 12 வோல்ட்ல 6 ஓம்ஸுக்கு சுத்தமா கிடைக்கிறது ஒரு பக்கத்துக்கு அதிகபட்சம் 12 வாட்ஸ், நிஜத்துல அதுவும் கொஞ்சம் கம்மி. அதுக்கு மேல கேட்டா அலையோட தலைய வெட்டிடும், க்ளிப்பிங்னு சொல்றது அதத்தான், நீங்க கேக்குற கரகர அதான்.

ஸ்பீக்கர் போறதும் பாதி நேரம் இதனாலதான். வெட்டுப்பட்ட சவுண்டுல ட்ரெபிள் பக்கம் பவர் கூடிடும், ஸ்பீக்கர்ல 80 வாட்ஸ்னு போட்டிருந்தாலும் ட்வீட்டர் (ட்ரெபிள் வாசிக்கிற குட்டி ஸ்பீக்கர்) மட்டும் தனியா தாங்குறது கொஞ்சூண்டுதான், அது முதல்ல போயிடும். நிதானமா கேக்குறவங்க கையில பெரிய ஆம்ப் இருந்தா ஒண்ணும் ஆகாது, சின்ன ஆம்ப போட்டு முறுக்குறதுதான் ஆபத்து.

சரி, என்ன வாங்கலாம்? புது ஆம்ப் வேண்டாம். போர்டுல 24 வோல்ட் வரைக்கும் ஓகேன்னு எழுதியிருக்கான்னு பாத்துட்டு (சிப் 26 வரைக்கும் தாங்கும், ஆனா சில போர்டுல கெப்பாசிட்டர் மட்டமா போட்டிருப்பான்), நல்ல 24 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர் ஒண்ணு வாங்குங்க. வோல்ட் ரெண்டு மடங்கு ஆனா பவர் நாலு மடங்கு, 12 வாட்ஸ் 48 கிட்ட வந்துடும். ஆனா சவுண்டும் நாலு மடங்கு கேக்கும்னு நினைக்காதீங்க, கூடுறது 6 டெசிபல்தான், ரெண்டு மடங்கு சத்தமா காதுக்குத் தெரியணும்னாலே பத்து மடங்கு வாட்ஸ் வேணும். வீட்டு ஹால்ல சாதாரணமா பாட்டு கேக்க உங்க 86 டெசிபல் ஸ்பீக்கருக்கு (ஒரு வாட் குடுத்தா ஒரு மீட்டர் தூரத்துல வர்ற சத்தம் அது) ஒரு வாட் ரெண்டு வாட்தான் ஓடும், மிச்சமெல்லாம் மிருதங்கம், தவில் மாதிரி திடீர்னு விழுற அடிக்குத்தான்.

அப்புறம் குமிழ் முக்கால்ல இருந்தா பவரும் முக்கால்னு அர்த்தம் இல்ல. ஃபோன்ல வால்யூம் ஃபுல்லா வச்சிருந்தா ஆம்ப் பாதியிலயே முட்டிடும்.

பழைய ஜோடிய சேர்க்காதீங்க. 6ம் 6ம் பேரலல்ல போட்டா 3 ஓம்ஸ், அதுவும் பாட்டு ஓடும்போது இன்னும் கீழ இறங்கும், இந்த ஆம்ப் 4 ஓம்ஸுக்கு மேல வச்சு செஞ்சது. ஹீட்டாகி கட்டாகி கட்டாகி வரும். இன்னொண்ணு, இந்த ஆம்ப்ல ரெண்டு பக்க மைனஸையும் ஒண்ணா முறுக்கிடாதீங்க, பழைய டெக்ல அப்படித்தான் பண்ணோம்னு கடைல யாராவது சொல்வாங்க, இதுல மைனஸ் கிரவுண்ட் கிடையாது, அதுலயும் சிக்னல் ஓடும்.

கேள்வி: மாமாவோட மைக் செட் ஆம்ப் சும்மா இருக்கு, வீட்டு ஸ்பீக்கர் மாட்டலாமா?

பதில்: பின்னாடி 4, 8, 16 ஓம்ஸ், 70 வோல்ட், 100 வோல்ட்னு வரிசையா திருகு இருக்கும். 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்னா காமன்லயும் 8லயும் மட்டும் மாட்டுங்க. தப்பித்தவறி 100 வோல்ட்ல மாட்டி ஃபுல்லா வச்சா அந்த ஸ்பீக்கர் கணக்குப்படி 1250 வாட்ஸ் இழுக்கப் பாக்கும், ஸ்பீக்கரோ ஆம்ப்போ ரெண்டுல ஒண்ணு காலி. சரியா மாட்டினாலும் அது மோனோதான், பாட்டுக்கு சுமார். மாமாவுக்கே திருப்பிக் குடுத்துடுங்க, திருவிழாவுக்கு ஆகும்.