பட்டப்பகலில் வரும் பயம்

அன்புள்ள அக்கா,

எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் ஷிப்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து அறைக்கு வந்தால் பகலில் சரியாகத் தூக்கம் வராது. போனில் படம் பார்ப்பேன். தமிழ், கொரியன், இங்கிலீஷ் என்று பேய்ப் படங்களை வரிசையாகப் பார்த்துத் தீர்த்தாயிற்று. இப்போது எதுவும் பயமாக இல்லை. கதவு எப்போது அடிக்கும், முகம் எங்கிருந்து வரும் என்று முன்னாடியே தெரிந்துவிடுகிறது.

போன மாதம் 'நண்பகல் நேரத்து மயக்கம்' பார்த்தேன். அதில் பேயே இல்லை. ஆனால் நாலைந்து நாள் மனசு ஒரு மாதிரி இருந்தது. சரியாகப் புரியவில்லையே என்று யூடியூபில் விளக்க வீடியோ தேடிப் பார்த்தேன். பார்த்த பிறகு அந்தப் படத்தில் இருந்த ஏதோ ஒன்று போய்விட்டது. இந்த மாதிரி விசித்திரமான, மனதைக் கலைத்துப் போடுகிற படங்களைச் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகத் தயார். இன்னொன்று. "இதையே பாத்துட்டிருந்தா புத்தி கெட்டுடும்" என்று அம்மா திட்டுகிறார். கெடுமா அக்கா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

அந்த விளக்க வீடியோவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிகளைத்தான் திரும்பத் திரும்பப் படித்தேன். லிஜோ ஜோஸ் பெல்லிசேரி 2022-இல் எடுத்த அந்தப் படத்தில் என்ன நடக்கிறது? வேளாங்கண்ணி போய்விட்டுத் திரும்பும் மலையாளி ஒருவர், மதியத் தூக்கம் கலைந்து எழுந்து, வழியில் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்குகிறார். வயல் வழியே நடந்து ஒரு தமிழ்க் கிராமத்துக்குள் போகிறார். எப்போதோ காணாமல் போன சுந்தரம் என்பவனின் வீட்டுக்குள் நுழைந்து, அவன் துணியை உடுத்திக்கொண்டு, அவனாகவே பேச ஆரம்பிக்கிறார். ஆவி புகுந்ததா, மனநோயா, பஸ்ஸில் கண்ட கனவா? இயக்குநர் சொல்லவில்லை. மூன்றும் ஒரே நேரத்தில் உயிரோடு இருப்பதால்தான் நாலைந்து நாள் உங்களைப் படுத்தியது. ஒருவர் வந்து 'இதுதான்' என்று ஒன்றைப் பிடித்துக் கொடுத்ததும் மற்ற இரண்டும் போய்விட்டன. கீழே நான் சொல்லப்போகும் எந்தப் படத்துக்கும் விளக்க வீடியோ பார்க்காதீர்கள். குறைந்தது ஒரு மாதத்துக்காவது.

அந்தப் படத்தில் இன்னொன்றும் இருக்கிறது. மனதைக் கலைக்கிற விஷயமெல்லாம் வெயிலில் நடக்கிறது. நம் ஊர்ப் பெரியவர்கள் நடுராத்திரிக்குச் சமமாக உச்சிப்பொழுதுக்கும் பயந்தவர்கள். "உச்சி வெயில்ல தனியா மலைப்பக்கம் போகாதே, முனி அடிச்சிடும்" என்று சொல்லி வளர்த்தார்கள். பேய்ப் படக்காரர்கள் ராத்திரியை மட்டும் எடுத்துக்கொண்டு உச்சிப்பொழுதை விட்டுவிட்டார்கள். இருட்டில் ஒன்றைக் காட்டிப் பயமுறுத்தினால், விளக்கைப் போட்டதும் அந்தப் பயம் தீர்ந்துவிடும். எல்லாம் பளிச்சென்று தெரியும்போதே, ஒன்றையும் மறைக்காமல், என்ன நடக்கிறது என்று மட்டும் சொல்ல முடியாதபடி செய்வது மிகப் பெரிய வேலை. நீங்கள் தேடுவது அந்த வகை என்று நினைக்கிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் 'பிக்னிக் அட் ஹேங்கிங் ராக்'. பீட்டர் வியர் எடுத்த ஆஸ்திரேலியப் படம், 1975. வருடம் 1900, பிப்ரவரி 14. பள்ளி மாணவிகள் ஒரு பாறை மலை அடிவாரத்துக்குச் சுற்றுலா போகிறார்கள். மதியம் 12 மணிக்குக் கடிகாரங்கள் நின்றுவிடுகின்றன. நாலு பெண்கள் பாறை மேல் ஏறுகிறார்கள். ஒருத்தி அலறிக்கொண்டு திரும்பி ஓடி வருகிறாள். மற்றவர்களைக் காணோம். ஒரு ஆசிரியையையும் காணோம். ரத்தம் இல்லை, கொலைகாரன் இல்லை. வெள்ளை உடை, வெயில், பாறை, அவ்வளவுதான். கிருஷ்ணகிரியைச் சுற்றி ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி வைத்த மாதிரி நிற்கும் அந்தப் பெரிய பாறைகளை நீங்கள் பஸ் ஜன்னலில் எத்தனை தரம் பார்த்திருப்பீர்கள்! இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஒருமுறை பாருங்கள்.

அடுத்ததைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹிரோஷி தெஷிகாஹாரா 1964-இல் எடுத்த ஜப்பானியப் படம், 'வுமன் இன் த டூன்ஸ்'. கோபோ அபே எழுதிய நாவல், திரைக்கதையும் அவரே. பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு வாங்கியது. டோக்கியோவிலிருந்து ஒரு வாத்தியார், பூச்சி சேகரிக்கக் கடலோர மணல்மேட்டுக்கு வருகிறார். கடைசி பஸ் போய்விடுகிறது. ஊர்க்காரர்கள் மரியாதையாகப் பேசி, ஒரு வீட்டில் தங்கச் சொல்கிறார்கள். வீடு ஒரு ஆழமான மணல் பள்ளத்துக்குள் இருக்கிறது. கயிற்று ஏணியில் இறக்கிவிடுகிறார்கள். உள்ளே ஒரு விதவை தனியாக இருக்கிறாள். ராத்திரி முழுக்க அவள் மணலை வாரிக்கொண்டே இருக்கிறாள். வாராவிட்டால் வீடு மூடிவிடும். விடிந்ததும் இவர் கிளம்பப் பார்க்கிறார். ஏணியைக் காணோம்.

இதற்கு மேல் கதையைச் சொல்ல மாட்டேன். மணலை இவ்வளவு கிட்டத்தில் யாரும் காட்டியதில்லை. தோலில் ஒட்டியிருக்கும் மணல், சோற்றில் விழாமல் இருக்க மேலே விரித்த குடை, சரிந்து தண்ணீர் மாதிரி ஓடும் மணல். தோரு தகேமிட்சுவின் இசை இசையாகவே இருக்காது, எங்கோ எதையோ அறுப்பது போல வந்து வந்து போகும். கொஞ்ச நேரத்தில் நமக்கே உடம்பெல்லாம் அரிக்கும். ஆனால் என்னைப் பல வருடமாக விடாமல் பிடித்திருப்பது வேறொன்று. அந்த மனிதர் முதலில் கத்துகிறார், சண்டை போடுகிறார், தப்பப் பார்க்கிறார். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மணல் வாரப் பழகுகிறார். வேலை செய்தால்தான் மேலிருந்து தண்ணீர் இறங்கும். ராத்திரி முழுக்க வேலை, பகலில் தூக்கம், மறுபடி ராத்திரி வேலை. ஷிப்டில் இருக்கும் நீங்கள் இதை எப்படிப் பார்ப்பீர்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு நிஜமாகவே ஆசை. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிற எனக்குத் தெரியாத ஏதோ ஒன்று உங்களுக்கு அதில் தெரியும்.

இன்னொரு படமும் உங்கள் வேலையோடு சம்பந்தப்பட்டது. டேவிட் லிஞ்சின் முதல் முழுநீளப் படம், 'இரேசர்ஹெட்', 1977. கறுப்பு வெள்ளை, ஒன்றரை மணி நேரம். தொழிற்சாலைகளுக்கு நடுவே ஒரு இருண்ட அறையில் வாழும் ஹென்றி என்பவனுக்கு ஒரு குழந்தை பிறக்கிறது. அதைக் குழந்தை என்று சொல்லலாமா என்பதே சந்தேகம். அது ராத்திரியெல்லாம் அழுகிறது. லிஞ்ச் மாணவராக இருந்த காலத்தில் ஃபிலடெல்ஃபியாவில் வாழ்ந்த அனுபவம் இதற்குள் இருக்கிறது. கையில் காசு கிடைக்கும்போதெல்லாம் எடுத்து, முடிக்கப் பல வருடங்கள் ஆயின. இதை ஸ்பீக்கரில் கேட்காதீர்கள், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். லிஞ்சும் ஆலன் ஸ்ப்ளெட்டும் சேர்ந்து செய்த ஒலிதான் படத்தில் பாதி. எங்கோ ஒரு மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், காற்று அடைத்த குழாய் போல ஒரு உறுமல் நிற்காது. அந்தக் குழந்தையை எதால் செய்தார் என்று லிஞ்ச் கடைசிவரை யாருக்கும் சொல்லவில்லை. படத்துக்கு அர்த்தம் கேட்டவர்களுக்கும் சொல்லவில்லை. 2025-இல் இறந்துபோனார். அந்த மௌனத்தை நான் மிகவும் மதிக்கிறேன்.

லூயிஸ் புனுவல் மெக்சிகோவில் எடுத்த 'தி எக்ஸ்டெர்மினேட்டிங் ஏஞ்சல்' (1962) பார்க்கச் சுலபமானது. பணக்காரர்கள் ஒரு வீட்டில் விருந்து சாப்பிடுகிறார்கள். அதற்கு முன்பே வேலைக்காரர்கள் ஏதோ சாக்குச் சொல்லி ஒவ்வொருவராகக் கிளம்பிவிடுகிறார்கள். விருந்து முடிந்ததும் யாராலும் அந்த ஹாலை விட்டு வெளியே போக முடியவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கிறார்கள், சுவரை உடைத்துக் குழாயில் தண்ணீர் குடிக்கிறார்கள். ஏன் போக முடியவில்லை என்பதற்குக் காரணமே கிடையாது.

இங்கே நம் ஊரைப் பற்றி ஒன்று சொல்கிறேன். தர்மபுரிப் பக்கம் பாரதக் கூத்து நடக்கும் ஊர்களில் கடைசி நாள் துரியோதனன் படுகளம் நடக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். களத்தில் மண்ணால் செய்த பெரிய உருவம் மல்லாந்து கிடக்கும். நல்ல வெளிச்சத்தில், ஊரே சுற்றி நிற்க, பீமன் வேஷக்காரர் அதன் தொடையில் அடிப்பார். திரௌபதி கூந்தல் முடிவாள். கிடப்பது மண் என்று எல்லோருக்கும் தெரியும். வேஷம் கட்டியவர் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்றும் தெரியும். இருந்தும் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், சிலருக்கு அருள் வருகிறது. காவேரிப்பட்டணத்தில் மயானக் கொள்ளை அன்று காளி வேஷத்தில் வருபவர்களைப் பாருங்கள். யாரும் பக்கத்தில் இருப்பவரிடம் "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்பதில்லை. அதனால்தான் சொல்கிறேன், இந்தப் படங்களுக்கு உங்களுக்குத் தனிப் படிப்போ பயிற்சியோ வேண்டியதில்லை. சின்ன வயதிலிருந்து அங்கே நின்று பார்த்த கண் போதும்.

அந்தக் கண்ணோடு 'அங்கிள் பூன்மீ' பாருங்கள். அபிசாட்போங் வீரசேதகுல் எடுத்த தாய்லாந்துப் படம், 2010-இல் கான் விழாவின் பெரிய பரிசான தங்கப் பனை வாங்கியது. சிறுநீரகம் கெட்டு, சாவை எதிர்பார்த்திருக்கும் ஒரு விவசாயி, ராத்திரி வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எப்போதோ இறந்த மனைவி அதே மேஜையில் மெல்ல மெல்லத் தெரிய ஆரம்பிக்கிறாள். கொஞ்சம் திடுக்கிட்டுவிட்டு, அவளோடு சொந்தக்காரர்கள் பேசுகிற மாதிரி பேசுகிறார்கள். பிறகு காணாமல் போன மகன் வருகிறான், உடம்பெல்லாம் ரோமம், சிவந்த கண். அவனையும் உட்கார வைக்கிறார்கள். இறந்தவர்களுக்குப் படையல் போட்டு, "வந்து சாப்பிட்டுப் போங்க" என்று கூப்பிடுகிற நமக்கு இந்தக் காட்சி பயமாகவும் இருக்கும், நெருக்கமாகவும் இருக்கும்.

கடைசியாக, கடினமானது. கியோஷி குரோசாவாவின் 'க்யூர்', 1997. (புகழ்பெற்ற ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவுக்கு இவர் உறவு இல்லை.) டோக்கியோவில் வரிசையாகக் கொலைகள். செத்தவர்கள் உடம்பில் ஒரே மாதிரி பெருக்கல் குறி கீறியிருக்கிறது. ஆனால் செய்தவர்கள் வேறு வேறு ஆட்கள், ஒவ்வொருவரும் அங்கேயே பிடிபடுகிறார்கள், ஏன் செய்தோம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. எல்லோரும் அதற்கு முன்னால் ஞாபகமறதி உள்ள ஒரு வாலிபனைச் சந்தித்திருக்கிறார்கள். அவன் திரும்பத் திரும்பக் கேட்பது ஒரே கேள்வி: "நீ யார்?" கேமரா தள்ளியே நிற்கும். கொலைகூட யாரோ லைட்டை அணைப்பது போல சாதாரணமாக நடக்கும். இதை நைட் ஷிப்ட் முடிந்து வந்த களைப்பில் தனியாகப் பார்க்காதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த லீவு நாளில் பாருங்கள்.

நேரம் இல்லாத நாளுக்குச் சின்னப் படங்கள் இருக்கின்றன. மாயா டெரனின் 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' (1943) 14 நிமிடம். ஒரு பெண், ஒரு மதியத் தூக்கம், ஒரு சாவி, ஒரு கத்தி. க்ரிஸ் மார்க்கரின் 'லா ஜெத்தே' (1962) கிட்டத்தட்ட முழுக்க அசையாத புகைப்படங்களால் ஆனது, அரை மணி நேரம்கூட இல்லை. ஹெர்க் ஹார்வியின் 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) மட்டும் முழுநீளப் படம், அமெரிக்காவில் காப்புரிமை இல்லாததால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். எதைப் பார்த்தாலும் போனைப் படுக்கையாகத் திருப்பி, வெளிச்சத்தைக் கூட்டி, நோட்டிபிகேஷனை அணைத்துவிடுங்கள். ஓட்டிப் பார்க்காதீர்கள். ஒன்றும் நடக்காத மாதிரி தோன்றும் இடங்களில்தான் இந்தப் படங்கள் வேலை செய்கின்றன.

"எவ்வளவு தூரம் வேண்டுமானாலும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. இணையத்தில் 'உலகத்திலேயே கொடூரமான படங்கள்' என்று பட்டியல் போடுகிறார்கள். அவற்றில் நிறைய, உடம்பை அறுத்துக் காட்டுவதைத் தவிர ஒன்றும் தெரியாதவை. அதைத் தாங்கிக்கொண்டு பார்ப்பது வீரம் இல்லை. ஆனால் எலெம் க்ளிமோவின் 'கம் அண்ட் சீ' (1985) அந்தப் பட்டியல்களில் மாட்டிக்கொண்ட உயர்ந்த படம். 1943-இல் நாஜிகள் பெலாரஸ் கிராமங்களை எரித்ததை ஒரு பையனின் முகம் வழியாகக் காட்டுகிறது. அது உண்மையில் நடந்தது. அதைப் பொழுதுபோக்காகப் பார்க்கக் கூடாது. மற்றவையெல்லாம் பார்த்த பிறகு, மனசு தெளிவாக இருக்கும்போது, பேசுவதற்கு ஒரு ஆளை வைத்துக்கொண்டு பாருங்கள்.

அம்மா கேட்டதற்கு வருகிறேன். படம் பார்த்து யாருக்கும் புத்தி கெடுவதில்லை. தூக்கம் கெட்டால் எல்லாமே கெடும். மெஷின் பக்கத்தில் நிற்கிறவர் நீங்கள். பகல் தூக்கத்தைப் படத்துக்குக் கொடுக்காதீர்கள், முதலில் தூங்குங்கள். ஒரு படம் பார்த்து வாரக்கணக்கில் பதற்றமாகவே இருந்தால், அந்த வகையைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள்.

அப்புறம், ஊருக்குப் போகும்போது அம்மாவோடு உட்கார்ந்து அரவிந்தனின் 'கும்மாட்டி' (1979) பாருங்கள். மலையாளம்தான், அவருக்குப் புரியும். சில வருடங்களுக்கு முன் புதுப்பித்து, நிறமெல்லாம் மீட்டெடுத்திருக்கிறார்கள். அந்தப் பிரதியைத் தேடிப் பிடியுங்கள். ஊருக்கு வரும் மந்திரக்காரக் கிழவர், பாட்டுப் பாடி, விளையாட்டாகப் பிள்ளைகளை மிருகங்களாக மாற்றுகிறார். மறுபடி மனிதர்களாக மாற்றும்போது நாயாக இருந்த ஒரு பையன் மட்டும் அங்கே இல்லை. அவன் நாயாகவே வீட்டுக்கு வருகிறான், அவனுடைய அம்மாவுக்கு அது தன் பிள்ளை என்று தெரிந்துவிடுகிறது. உங்கள் அம்மா இதைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா
தர்மபுரி