பந்து கடைசியில் வரட்டும்: ஃப்ளைபால் கேள்வி பதில்

ஃப்ளைபால் பழக்குபவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஆட்டத்தை இன்னும் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. இது நாய்களின் தொடர் ஓட்டம். அணிக்கு நான்கு நாய்கள். இரண்டு அணிகள் அருகருகே உள்ள தடங்களில் ஓடும். ஒவ்வொரு நாயும் நான்கு தடைகளைத் தாண்டிப் போய், ஸ்பிரிங் வைத்த பாக்ஸை மிதித்து, அதிலிருந்து எகிறும் டென்னிஸ் பந்தைக் கவ்விக்கொண்டு, அதே நான்கு தடைகளையும் தாண்டித் திரும்பி வர வேண்டும். நான்கு நாய்களும் பிழையில்லாமல் ஓடி, கடைசி நாய் எந்த அணிக்கு முதலில் கோட்டைக் கடக்கிறதோ அந்த அணிக்கு வெற்றி.

கேள்வி: பயிற்சிக்காகச் சொந்தமாக ஒரு தடம் அமைக்கிறோம். அளவுகள் என்ன? தரை எப்படி இருக்க வேண்டும்?

தொடக்கக் கோட்டிலிருந்து முதல் தடை 6 அடி. தடைக்குத் தடை 10 அடி. நான்காவது தடையிலிருந்து பாக்ஸ் 15 அடி. மொத்தம் 51 அடி. கோட்டுக்குப் பின்னால் இன்னும் 50 அடியாவது வெறும் இடம் வேண்டும். நாய் வேகம் எடுப்பதும், பந்தோடு வந்து நிற்பதும் அங்கேதான். அந்த இடத்தைச் சுருக்கினால், கோட்டைத் தாண்டும் முன்பே வேகத்தைக் குறைக்க நாய் கற்றுக்கொண்டுவிடும். பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு.

தடைகளின் மேல் பலகை மெத்தென்றோ வளைந்துகொடுப்பதாகவோ இருக்கட்டும். கால் தட்டினாலும் அடிபடாது. தரைக்கு ரப்பர் விரிப்பு. விரிப்புகள் சேரும் இடத்தில் விளிம்பு எழும்பியிருந்தால் நகம் மாட்டிக் கிழியும். எனவே ஒவ்வொரு முறையும் நாயை இறக்கும் முன் வெறுங்காலோடு ஒரு முறை நடந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடு காலுக்குத் தெரியும்.

கேள்வி: எங்கள் நாய்க்குப் பந்து என்றால் உயிர். பாக்ஸைக் காட்டிய முதல் நாளே ஓடிப்போய் மிதித்துப் பந்தை எடுத்துவிட்டது. ஆனால் மூன்று மாதமாகியும் நேரம் குறையவே இல்லை. பாக்ஸில் மோதி நின்றுவிட்டுத்தான் திரும்புகிறது. ஏன்?

முதல் நாளே பந்து கிடைத்ததுதான் காரணம். பாக்ஸ் என்றால் பந்து வரும் இடம் என்று உங்கள் நாய் கற்றிருக்கிறது. அது திரும்பும் இடம் என்று கற்றிருக்க வேண்டும். பந்து கண்ணில் பட்டதும் முன்கால் இரண்டையும் பாக்ஸில் அறைகிறது, உடம்பு நிற்கிறது, பந்து வாய்க்கு வருகிறது, அதன் பிறகுதான் தரையில் இறங்கித் திரும்புகிறது. நேரம் போவது ஒரு பக்கம் இருக்கட்டும். அவ்வளவு வேகத்தையும் முன்கால் மணிக்கட்டும் தோளும் தாங்குகின்றன என்பதுதான் எங்களுக்குக் கவலை.

சரியான திருப்பம் நீச்சல்காரர் குளத்துச் சுவரை உதைத்துத் திரும்புவதைப் போன்றது. நாய் பாக்ஸின் சரிவில் பக்கவாட்டாக ஏறும். நான்கு பாதமும் பலகையில் பதியும். தலை அதற்குள் பாதி திரும்பியிருக்கும். அந்தத் திருப்பத்தின் நடுவே பந்து வாயில் விழும். பின்கால்கள் பலகையை உதைத்து உடம்பை வெளியே தள்ளும். காதாலேயே இதைக் கண்டுபிடிக்கலாம். மோதும் நாய் ‘டமார்’ என்று ஒரே சத்தம் போடும். திரும்பும் நாயின் பாதங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுவதால் ‘தடதட’ என்று மெல்லிய சத்தம்தான் கேட்கும். சந்தேகம் இருந்தால் கைப்பேசியில் ஸ்லோ மோஷனில் பக்கத்திலிருந்து படம் எடுத்துப் பின்பாதங்களை மட்டும் பாருங்கள். அவை பலகையில் இருக்கின்றனவா, தரையில் இருக்கின்றனவா? கேள்வி அவ்வளவுதான்.

இப்போது பாக்ஸையும் பந்தையும் எடுத்து வைத்துவிட்டு அடியிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் நாய் எந்தப் பக்கம் திரும்பும் என்று பாருங்கள். 20 அடி தள்ளி அசையாத பந்து ஒன்றை வைத்து, நாயை நேராக அனுப்பி, நேர் பின்னால் நின்று கவனியுங்கள். உருளும் பந்து கூடாது; அது உருளும் பக்கமாக நாயை இழுத்துவிடும். பத்தில் எட்டு முறை ஒரே பக்கம் திரும்பினால் அதுதான் அதன் கைப்பக்கம். இனி எல்லாப் பயிற்சியும் அந்தப் பக்கமே.

அடுத்தது பலகை. ரப்பர் ஒட்டிய அகலமான பலகையைச் சுவரில் தாழ்ந்த சரிவாகச் சாய்த்து, அசையாதபடி கட்டுங்கள். நாயை அருகிலிருந்தே, கைக்காட்டலில், பலகையில் ஏற்றி இறக்குங்கள். நான்கு காலும் பலகையில் பட்டால் மட்டும் பரிசு. மூன்று கால் பட்டதற்குப் பரிசு கொடுத்தால் காலம் முழுக்க மூன்று கால்தான். இது பிடிபட்ட பிறகு சரிவை நாளுக்குக் கொஞ்சமாகக் கூட்டி, பாக்ஸின் சரிவுக்குக் கொண்டுவாருங்கள்.

பிறகு பலகைக்கு முன்னால், நாயின் உடல் நீளத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், ஒரு தாழ்ந்த தடை வையுங்கள். அது இருந்தால் நாய் தரையோடு வந்து மோத முடியாது, எழும்பித்தான் ஆகவேண்டும். எழும்பினால் பின்கால் தானாக மேலே வரும். போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்ட வேண்டும். இந்தத் தடையைச் சீக்கிரம் எடுத்துவிடாதீர்கள். பல ஆண்டு ஓடிய நாய்க்கும் பயிற்சியில் இதை வைப்பது நல்லது.

இவ்வளவும் வந்த பிறகே பந்து. அதுவும் முதலில் வெல்க்ரோ கொண்டு பலகையில் ஒட்டிய பந்து. போகிற போக்கில் நாய் பிய்த்துக்கொண்டு வரட்டும். அதற்கும் பின்னர்தான் ஸ்பிரிங் பாக்ஸ். பந்து வந்த நாளில் பின்கால் கீழே இறங்கினால், தயங்காமல் ஒரு படி பின்னால் போங்கள். ஒரு நாளைக்கு ஐந்தாறு திருப்பம் போதும். களைத்த நாய் மோதத் தொடங்கும்; மோதியதையும் அது மனதில் வைத்துக்கொள்ளும்.

பழகிப்போன மோதலை மாற்றப் புதிதாகக் கற்பிப்பதை விட அதிக நாள் பிடிக்கும். அதுவரை போட்டியில் இறக்காதீர்கள். ஒரே ஒரு பந்தயத்தின் பரபரப்பில் பழைய பழக்கம் முழுதாகத் திரும்பிவிடும்.

கேள்வி: ஏழு மாதக் குட்டி. எப்போது தொடங்கலாம்?

போட்டிக்கு வட அமெரிக்காவின் நாஃபா அமைப்பில் 15 மாதம், பிரிட்டிஷ் ஃப்ளைபால் சங்கத்தில் 18 மாதம் என்று குறைந்த வயது வைத்திருக்கிறார்கள். எலும்பின் வளரும் முனைகள் மூடும் முன் திரும்பத் திரும்பத் தாண்டுவதும் பாக்ஸை உதைப்பதும் ஆகாது. ஏழு மாதத்தில் செய்ய வேண்டியவை வேறு: கூப்பிட்டால் தலைதெறிக்க ஓடி வருவது, டக் பொம்மையை (நாயும் நாமும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுக்கும் பொம்மை) விடாமல் இழுத்து விளையாடுவது, மற்ற நாய்கள் ஓடும்போது பக்கத்தில் அமைதியாக இருப்பது. தடைச் சட்டங்களை மட்டும் நிறுத்திப் பலகை இல்லாமல் நடுவே ஓடவிடலாம். இவை வந்த குட்டிக்கு மற்றவை எளிது.

கேள்வி: வீட்டில் பந்தை விடாத நாய், ஓட்டத்தில் மட்டும் கோட்டுக்கு இரண்டடி முன்னால் துப்பிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் மறு ஓட்டம்.

டக் பொம்மை கையில் தெரிகிறதல்லவா? அதுதான். நாயின் கணக்கு சரியானதே: வாயில் பந்து இருந்தால் பொம்மையைக் கவ்வ முடியாது, எனவே பந்தைப் போடுகிறது. நீங்கள் கோட்டை ஒட்டி நிற்பதால் அந்தக் கணக்கு கோட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது.

பொம்மையை முதுகுக்குப் பின்னால் மறையுங்கள். கோட்டிலிருந்து 40 அடி பின்னால் நின்று, நாய் கோட்டைக் கடக்கும்போது திரும்பி, அது வரும் திசையிலேயே அதைவிட்டு விலகி ஓடுங்கள். அது உங்களைத் துரத்தட்டும். உங்களை எட்டிய பிறகுதான் பொம்மை வெளியே வர வேண்டும். தனியாக இன்னொரு பயிற்சியும் செய்யுங்கள்: தரையில் கிடக்கும் பந்தை எடுத்து 10 அடி, பிறகு 20, பிறகு 40 அடி கொண்டுவந்தால் பரிசு, வழியில் போட்டால் எதுவும் இல்லை, கண்டிப்பும் இல்லை. பந்தின் அளவையும் பாருங்கள். சின்ன வாய்க்குப் பெரிய பந்து என்றால் அது கவ்வியதாக இருக்காது, தொங்கவிட்டதாகத்தான் இருக்கும். திடீரென்று தொடங்கிய பழக்கமென்றால் பல்லையும் ஈறையும் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். பந்து வலித்தாலும் நாய் துப்பும்.

கேள்வி: எங்கள் அணியில் நான்கு நாயும் வேகம்தான். தனித்தனி நேரத்தைக் கூட்டினால் 17 வினாடி வரவேண்டும். ஆனால் போட்டியில் 18-ஐத் தாண்டுகிறது. நாயை இன்னும் வேகப்படுத்துவது எப்படி?

நாயை விடுங்கள், பாஸைப் பாருங்கள், அதாவது கோட்டில் ஒரு நாய் வர அடுத்தது போகும் அந்த மாற்றத்தை. திரும்பி வரும் நாயும் புறப்படும் நாயும் கோட்டில் மூக்கோடு மூக்காகக் கடக்க வேண்டும். கோட்டருகே நல்ல நாய் வினாடிக்குச் சுமார் 30 அடி ஓடுகிறது. வரும் நாய் கோட்டைத் தொடும்போது போகும் நாய் 3 அடி பின்னால் இருந்தால் 0.1 வினாடி போயிற்று. நான்கு நாய்களுக்கு மூன்று பாஸ். ஒவ்வொன்றிலும் 10 அடி பிந்தினால் மொத்தம் ஒரு வினாடி! உங்கள் காணாமற்போன வினாடி அதுதான்.

பெரும்பாலோர் செய்யும் தவறு, நிற்கும் இடத்தையும் விடும் கணத்தையும் ஒரே நேரத்தில் மாற்றுவது. ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எங்கள் கருத்தில் அது கணமாக இருக்கட்டும். 50 அடி பின்னால் நிற்கும் நாயை, வரும் நாய் பாக்ஸில் திரும்பும் கணத்தை ஒட்டி விடவேண்டியிருக்கும். அந்தக் கணம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும், அதோடு உங்கள் நாயும் கோட்டை முழு வேகத்தில் எட்டும். கணத்தை மாற்றாமல், நிற்கும் இடத்தை மட்டும் ஓரடி ஈரடியாக முன்னும் பின்னும் நகர்த்துங்கள். தரையில் டேப் ஒட்டி, ஒவ்வொரு நாய்ப் புறப்பாட்டுக்கும் அடிக்கணக்கை எழுதி வையுங்கள். கோட்டுக்கு நேர் பக்கவாட்டில் ஒருவர் நின்று ‘நாலடி’, ‘ஆறடி’ என்று கத்தட்டும். புறப்பட வைக்கிறவரால் நின்ற இடத்திலிருந்து அதை அளக்க முடியாது.

முதல் பந்தயத்தை 8, 10 அடி இடைவெளியில் தொடங்கி, பிறகு இறுக்குங்கள். பிந்தினால் போவது ஒரு வினாடியின் ஒரு பங்கு. முந்தினால் அந்த நாய் கடைசியில் மறுபடி ஓட வேண்டும், நான்கு வினாடிக்கு மேல் போய்விடும். நாள் ஏற ஏற நாய் களைக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். காலையில் பொருந்திய இடம் மாலையில் பிந்தும்.

எதிரெதிரே இரண்டு நாய் இந்த வேகத்தில் வருவது அனுபவமில்லாத நாய்க்குப் பயம். முதலில் இரண்டு தடத்திலும் ஒவ்வொன்றாக, பிறகு ஒரே தடத்தில் 20 அடி இடைவெளியில், பிறகு சிறிது சிறிதாக நெருக்கமாக. ஒரு முறை மோதிக்கொண்டால் அந்த நாய் அடுத்த பல மாதம் கோட்டருகே விலகி ஓடும்.

கேள்வி: பக்கத்துத் தடத்து நாயைப் பார்த்ததும் அங்கே பாய்கிறது. போட்டியையே இழந்தோம்.

அடுத்த தடத்துக்குப் போய் அந்த அணியின் ஓட்டத்தைக் கெடுத்தால் அந்தச் சுற்று போய்விடும்; நியாயமான விதி. தடத்தின் இருபுறமும் இடுப்பளவு வலை கட்டி, மறுபக்கம் அமைதியான ஒரு நாயை முதலில் நிற்கவும், பிறகு நடக்கவும், பிறகு ஓடவும் வையுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் உங்கள் நாய் நேராக உங்களிடம் வர வேண்டும். வலையை ஒரேயடியாக எடுக்காமல் நடுவிலிருந்து துண்டு துண்டாக எடுங்கள். பாக்ஸ் பக்கத்துத் துண்டு கடைசியில். நாய்கள் கலைவது பெரும்பாலும் பாக்ஸில் திரும்பும்போது, பக்கத்து நாய் முகத்துக்கு நேரே வருவதால். துரத்துவது அல்லாமல் கடிக்கப் போவதாக இருந்தால் அது வேறு விஷயம். அந்த நாய்க்கு இந்த ஆட்டம் வேண்டாம்.

கேள்வி: அணியில் பார்டர் கோலி இல்லை, மூன்று கலப்பின நாய்களும் ஒரு ஜாக் ரஸ்ஸலும்தான். போட்டியிடலாமா?

தாராளமாக. எந்த இனமும், கலப்பும் ஓடலாம். குட்டையான உங்கள் ஜாக் ரஸ்ஸல் ஒரு சொத்து. நான்கு நாயும் தாண்டும் உயரம் அணியின் குட்டை நாயைக் கொண்டு நிர்ணயிக்கப்படுகிறது. நாஃபாவில் குறைந்தது 7 அங்குலம், அதிகம் 14 அங்குலம். குட்டை நாய் ஒன்று வேகமாக ஓடினால் பெரிய நாய்கள் மூன்றும் தாழ்வாகத் தாண்டும், காற்றில் குறைந்த நேரம் இருக்கும். ஆனால் அந்தச் சின்ன நாய் ஒவ்வொரு பந்தயத்திலும் ஓடியாக வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். அதற்கு ஓய்வு கொடுத்தால் உயரம் ஏறிவிடும். இரண்டாவது ஒரு சின்ன நாயை இப்போதே பழக்கத் தொடங்குங்கள். ஒரே நாயின் தோளில் அணி முழுவதையும் ஏற்றக் கூடாது.

கேள்வி: முன்காலில் கட்டுப் போட்டு ஓட விடுகிறார்களே, அவசியமா?

மணிக்கட்டுக்குப் பின்னால் உள்ள சிறு திண்டும், மேல்விரலின் நகமும் பாக்ஸில் உரசிக் கிழியும். கட்டு அதைத் தடுக்கும். ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்வாகச் சுற்றி, ஓட்டம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். இறுக்கினால் பாதம் வீங்கும். ஆனால் கட்டு மோதலைத் தாங்காது. வாரா வாரம் திண்டு தோலுரிகிறது என்றால், கட்டை மாற்ற வேண்டாம், மேலே சொன்ன பலகைக்குத் திரும்புங்கள்.