கோதுமை வேறு, பால் வேறு

கேள்வி: எனக்கு வயது 54, மார்த்தாண்டம் பக்கம் ஊர். பல வருடமாக வயிற்றுப்பொருமல், வயிற்றுப்போக்கு, ரத்தசோகை. கேஸ் என்றார்கள், குடல்புண் என்றார்கள். கணவருக்குச் சுகர் வந்த பிறகு வீட்டில் ராத்திரிக்குச் சப்பாத்தி என்றானது. அதன் பிறகு எனக்கு இன்னும் மோசம். போன வருடம் சிறுகுடலில் சதை எடுத்துப் பரிசோதித்து சீலியாக் நோய் என்றார்கள். ஏழு மாதமாகக் கோதுமை, மைதா, ரவை தொடவில்லை. கொஞ்சம் தேறினேன். ஆனால் இப்போது பால் ஒத்துக்கொள்ளவில்லை, சிறுபயறு ஒத்துக்கொள்ளவில்லை, சக்கை (பலாப்பழம்) தின்றால் ராத்திரி தூக்கமில்லை. ஒவ்வொன்றாக விட்டுவிட்டுக் கஞ்சியும் துவையலுமாக நிற்கிறேன். கோயிலில் நற்கருணை வாங்கவும் பயம். வீட்டில் ‘எல்லாம் உன் மனசுதான்’ என்கிறார்கள். இனி இப்படியேதானா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

இது மனசு இல்லை. அதை முதலில் உங்கள் வீட்டாருக்கே சொல்லிவிடுகிறேன், இந்தப் பக்கத்தை அவர்களிடமும் காட்டுங்கள். சதை எடுத்துப் பார்த்து உறுதியான நோய் உங்களுடையது. அரிசி தின்னும் ஊரில் இது வருமா என்று கேட்பார்கள். இந்த நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு வடக்கிலும் தெற்கிலும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கிறது. வடக்கில் நோய் அதிகம் தெரிவதற்கு அவர்கள் தின்னும் கோதுமையின் அளவும் ஒரு காரணம். நம் பக்கம் அரிது என்பதாலேயே யாருக்கும் உடனே இதன் நினைவு வருவதில்லை. உங்கள் வருடங்கள் அப்படித்தான் போயிருக்கின்றன. கோபம் வந்தால் அது நியாயமான கோபம்.

இப்போது நீங்கள் செய்கிற தவறு ஒன்று, கோதுமையையும் பாலையும் பயறையும் ஒரே பட்டியலில் எழுதி வைத்திருப்பது. கோதுமை, பார்லி, ரை என்ற மூன்று தானியங்களும் உங்களுக்கு ஆயுள் முழுக்க ஆகாது. அவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் உடம்பு தன் குடலையே தாக்கும். அறிகுறி தெரியாவிட்டாலும் தாக்கும், ஆகவே அதில் ‘கொஞ்சம் பரவாயில்லை’ கிடையாது. பால் அப்படியில்லை. சிறுகுடலின் உட்சுவரில் விரல் நுனிபோல நிற்கும் குடலுறிஞ்சிகளின் மேல்பகுதியில்தான் பாலின் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி இருக்கிறது. நோயில் முதலில் சிதைவதும் கடைசியில் திரும்ப வளர்வதும் அந்த இடம்தான். 54 வயதுக் குடல் ஆறுவதற்கு ஒரு வருடம், இரண்டு வருடம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். பலருக்கு ஏழு மாதம் என்பது பாதி வழிகூட இல்லை. நம்மில் பலருக்கு வயது ஏற ஏற பால் செரிக்கும் திறன் இயல்பாகவே குறைவதும் உண்டு, அதனால் முழு டம்ளர் பால் திரும்பி வரும் என்று நான் உறுதி சொல்ல மாட்டேன். ஆனால் மோரும் நன்றாக உறைந்த தயிரும் பெரும்பாலும் முதலில் வந்து சேரும்.

பயறு, சின்ன உள்ளி, பூண்டு எல்லாம் இன்னொரு வகை. அவற்றிலுள்ள சில சர்க்கரைகள் பெருங்குடலில் புளித்து வாயுவாகும். வேதனைதான், ஆனால் அவை குடலை அழிப்பதில்லை. அளவைக் குறைத்தால் போதும், அடியோடு விட வேண்டியதில்லை.

எதையும் விடுவதற்கு முன், குளூட்டன் இன்னும் எங்கிருந்தாவது உள்ளே வருகிறதா என்று பாருங்கள். எனக்குச் சந்தேகம் பெருங்காயத்தின் மேல். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தை வாசியுங்கள். அடுத்தது மில். புட்டுக்கு அரிசி திரிக்கும் அதே இயந்திரத்தில் உங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை திரித்திருப்பார்கள். அரிசியை ஊறவைத்து வீட்டிலேயே மிக்ஸியில் பொடித்துக்கொள்ளுங்கள், கேழ்வரகும் அப்படியே. கணவருக்குச் சப்பாத்தி சுடும் கல்லில் உங்கள் தோசை வேண்டாம், தனிக் கல் வாங்குங்கள். கடைச் சிப்ஸ் ஏத்தங்காய்தானே என்று தின்றுவிடாதீர்கள், அதே எண்ணெயில் மைதா மாவில் முக்கியெடுத்த பழம்பொரியும் வெந்திருக்கலாம். மால்ட் சேர்ந்த சத்துமாவுப் பானங்கள் பார்லி. கல்யாண வீட்டில் பாயசத்தோடு வரும் போளி மைதா, இலையில் வைக்கும் முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஓட்ஸும் இப்போதைக்கு வேண்டாம்.

நற்கருணை அப்பமும் கோதுமைதான், உங்கள் பயம் சரியானது. குளூட்டன் மிகக் குறைந்த அப்பத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை அனுமதிக்கிறது, அதுவும் ஒத்துக்கொள்ளாதவர்கள் திராட்சை இரசத்தை மட்டும் வாங்கலாம். அப்பத்துண்டு போடாத தனிக் கிண்ணம் வேண்டும் என்று பங்குத்தந்தையிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

அப்புறம், அந்தக் கஞ்சியும் துவையலும். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அதுதான். ஏற்கெனவே ரத்தசோகை உள்ள உடம்பு, எலும்பும் தேய்ந்திருக்கலாம், அதற்கு இந்தச் சாப்பாடு போதவே போதாது. நீங்கள் இருப்பது சாளை மீனும் நெத்திலியும் கிடைக்கும் ஊர். மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சாளைக் கறியும் தாராளமாகச் சாப்பிடலாம். மரச்சீனியில் புரதம் மிகக் குறைவு, மீனோ முட்டையோ கூட இருக்கட்டும். நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். இடியாப்பமும் தேங்காய்ப்பாலும், வீட்டில் அரைத்த மாவில் ஆப்பம், அவியல், முருங்கையிலைத் துவரன், மட்டிப்பழம் எதிலும் குளூட்டன் இல்லை.

விட்டவற்றைத் திரும்பக் கொண்டுவரும் முறை எளிது. ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். முதலில் அரை டம்ளர் மோர், சாப்பாட்டோடு, மூன்று நாள். ஒத்துக்கொண்டால் தயிர். ஒரு வாரம் கழித்து ஒரு கைப்பிடி சிறுபயறு, இரவு முழுக்க ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தது. சக்கை கடைசியில், இரண்டு சுளை, அதுவும் பகலில். என்ன தின்றீர்கள், என்ன ஆனது என்று நோட்டில் எழுதுங்கள், மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டு கையில் இருக்கட்டும். சீலியாக் நோய்க்கான டிடிஜி (tTG) ரத்தப் பரிசோதனையை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். குளூட்டன் கலக்கிறதா என்பதற்கு அதில் ஒரு தடயம் கிடைக்கும். இரும்புச்சத்து, வைட்டமின் டி, எலும்பு அடர்த்தி பற்றியும் கேளுங்கள். மெலிந்துகொண்டே போனாலோ ரத்தம் போனாலோ நோட்டை நம்பிக் காத்திருக்காமல் உடனே போய்விடுங்கள்.

பிள்ளைகளுக்கும் உடன்பிறந்தவர்களுக்கும் அதே ரத்தப் பரிசோதனை தேவை. பரிசோதனை முடியும்வரை அவர்கள் கோதுமையை நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் நோய் இருந்தும் தெரியாமல் போகலாம்.

மோர் எப்படிப் போகிறது என்று எனக்கு எழுதுங்கள்.