மாத்திரை போட்டும் அம்மாவுக்கு தைராய்டு அளவு ஏன் சரியாகவில்லை?

கம்பத்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாவுக்கு ஆறு மாதமாக மாத்திரை கொடுத்தும் டிஎஸ்ஹெச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இறங்காமல் 11-லேயே நிற்கிறது, கப்பைக்கிழங்கு (மரவள்ளி) தின்பதுதான் காரணமா என்று.

கிழங்கின் மேல் பழி போடாதீர்கள். நன்றாக வேகவைத்துத் தண்ணீரை வடித்து, அயோடின் உப்பும் சேர்க்கிற வீட்டில் அது பெரிய காரணமில்லை. பெரும்பாலும் உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குவதால் வருவது இந்தத் தைராய்டு குறைபாடு. ஜப்பானிய மருத்துவர் ஹஷிமோட்டோ 1912-லேயே இந்தச் சுரப்பி நோயை விவரித்து எழுதிவைத்தார். சுரப்பி சோர்ந்தால், அதை விரட்டி வேலை வாங்க மூளையடியில் உள்ள பிட்யூட்டரி டிஎஸ்ஹெச்சைக் கூட்டும். அதனால்தான் சுரப்பு குறையக் குறைய இந்த எண் ஏறுகிறது.

நான் முதலில் கேட்பது, அம்மா மாத்திரையை எப்படிப் போடுகிறார்? என் அக்காவும் குமுளிப் பக்கம் ஜீப்பில் வேலைக்குப் போகிறவர். விடியுமுன் அடுப்படியில் நின்றபடியே, கையிலிருக்கும் பால் டீயில் மாத்திரையை விழுங்குவார், கூடவே இரும்புச்சத்து மாத்திரையும். இப்படிப் போட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. எழுந்ததும் வெறும் தண்ணீரில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்து டீ குடிக்கட்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகள் நாலு மணி நேரம் தள்ளி. காலையில் முடியாதென்றால், டாக்டரிடம் கேட்டுவிட்டு, இரவுச் சாப்பாடு முடிந்து மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம்.

இப்படி 6 முதல் 8 வாரம் போட்டபின் மறுபடி ரத்தம் பாருங்கள். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள். மருந்து மிஞ்சினால் நெஞ்சு படபடக்கும், எலும்பு தேயும். எண் இறங்கியதும் நிறுத்திவிடவும் வேண்டாம்.