எலுமிச்சை இலையில் பச்சைப் படலம்: துடைத்தால் போதுமா?

கேள்வி: ஐயா, சிங்கப்பூரின் பொங்கோலில் ஏழாவது மாடியில் இருக்கிறோம். வாசல் நடைவழியில் லீமாவ் கஸ்தூரி (சிறிய எலுமிச்சை வகை) தொட்டி ஒன்று. டிசம்பர், ஜனவரி மழைக்குப் பிறகு பழைய இலைகளின் மேல் பச்சையாகப் பாசி. பூக்கவும் இல்லை. பாசி மூடியதால் ஒளிச்சேர்க்கை நின்றுவிட்டதா? என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தை அப்புறம் பார்ப்போம். முதலில் ஓர் இலையை ஈரப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சில் பச்சை ஒட்டிக்கொண்டு, இலை பழையபடி பளபளத்தால் அது வெறும் மேற்பாசி. இலைமேல் குடியிருக்கிறதே தவிர, இலையின் சாற்றை உறிஞ்சுவதில்லை. மூச்சும் முட்டாது, எலுமிச்சை இனத்துக்கு இலைத்துளைகள் பெரும்பாலும் அடிப்பக்கத்தில்தான்.

வெளிச்சத்தில்தான் போட்டி. பாசியிலும் இருப்பது பச்சையம் என்பதால், இலைக்கு வேண்டிய அதே சிவப்பு, நீல ஒளியை அதுவும் பிடித்துக்கொள்கிறது. திறந்தவெளிச் செடிக்கு இது பெரிய நஷ்டமில்லை. உச்சி வெயிலில் மூன்றில் ஒரு பங்கு கிடைத்தாலே எலுமிச்சை இலை ஏறக்குறைய முழு வேகத்தில் உணவு தயாரிக்கும், மீதி உபரி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைவழியில் அந்த உபரி ஏது? மேலே கூரை, எதிரே அடுத்த புளோக். அங்கே மெல்லிய படலம்கூட இலையின் வாய்ச்சோற்றைத்தான் பிடுங்குகிறது. ஆனாலும் பூக்காததற்குப் பாசியை மட்டும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். பாசியை வளர்த்த அதே நிழல்தான் பூவையும் நிறுத்தியிருக்கும்.

அதனால் தொட்டியை வெயில் விழும் பக்கம் நகர்த்துங்கள். கைப்பிடிச் சுவர்மேல் மட்டும் ஏற்றிவிடாதீர்கள், கீழே ஆள் நடக்கும் இடம். உள்ளே நெருக்கியடிக்கும் கிளைகளை வெட்டினால் காற்று புகுந்து இலை சீக்கிரம் உலரும். தண்ணீரைக் காலையில், வேரில் ஊற்றுங்கள். இலைமேல் தெளிக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். துடைக்கும்போது இலைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்து, மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பழைய பல் பிரஷ் வேண்டவே வேண்டாம். இலையின் மெழுகுப் பூச்சு உரிந்துவிடும்.

துடைத்தும் போகாமல், வெல்வெட் மாதிரி துருநிற வட்டங்கள் தெரிந்தால் கதை வேறு. அது செஃபலூரோஸ் என்ற ஒட்டுண்ணிப் பாசி. இலையின் மெழுகுப் பூச்சுக்கு அடியில் வளரும். அந்த இலைகளைக் கிள்ளிக் குப்பையில் போடுங்கள். பரவினால் மட்டும் தாமிர மருந்து, அதுவும் லேபிளில் சொன்ன அளவில். காய் பறிக்கும் செடியல்லவா!

படலம் கறுப்பாக இருந்தால் அது பாசியே அல்ல, கரும்பூஞ்சணம். மாவுப்பூச்சியோ செதில் பூச்சியோ கழிக்கும் இனிப்பு நீரில் வளர்வது. தண்டில் எறும்பு வரிசை ஏறுகிறதா என்று பாருங்கள். அது போய் நிற்கும் இடத்தில் பூச்சி இருக்கும்.