பிடிக்கவில்லை, ஆனாலும் வேணும்

கேள்வி: ஹெராயின் பழக்கத்திலிருந்து என் தம்பி மீண்டு எட்டு மாதம் ஆகிறது டாக்டர். மருந்து எதுவும் இப்போது எடுப்பதில்லை. உடம்பு வலி, வாந்தியெல்லாம் எப்போதோ நின்றுவிட்டன. ஆனால் பழைய கூட்டாளி போன் செய்தால் முகமே மாறிவிடுகிறது. “அதுல இன்பமே இல்லைக்கா, ஆனாலும் வேணும்போல இருக்கு” என்கிறான். இது மனவலிமைக் குறைவுதானே?
- பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: இல்லை அம்மா. உங்கள் தம்பி சொன்னதைத்தான் மூளை ஆய்வாளர்கள் டெர்ரி ராபின்சனும் கென்ட் பெரிட்ஜும் 1993-ல் ஒரு கோட்பாடாகவே எழுதினார்கள். ஒன்றை ரசிப்பதும் அதை நாடுவதும் மூளையில் வேறு வேறு வேலைகள். போதைப்பொருள் உள்ளே போகப்போக நாட்டம் கூர்தீட்டப்படுகிறது; ரசிப்பு அதோடு சேர்ந்து வளர்வதில்லை.

மூளை செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் டோபமைனை ‘இன்ப ரசாயனம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற மூளை ஆய்வாளர் குரங்குகளுக்கு ஓர் அடையாளம் காட்டி, பிறகு பழச்சாறு கொடுத்தார். பழகிய பின், அடையாளம் தெரிந்ததுமே டோபமைன் செல்கள் துடித்தன. சாறு வாய்க்கு வந்தபோது சும்மா இருந்தன. உங்கள் தம்பிக்கு அந்த அடையாளம், கூட்டாளியின் போன். உடம்பு வலி சில வாரங்களில் போய்விடும். மூளை கற்றது அப்படிப் போகாது. ஆசைக்குக் கடிவாளம் போடும் முன்மூளைப் பகுதியும் போதைக்குப் பழகியவர்களுக்குத் தளர்ந்திருக்கும். அப்போது போய் ‘உறுதியாக இரு’ என்றால் என்ன செய்வான்?

வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்க வீரர்களை லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர் 1970-களில் ஆராய்ந்தார். ஊர் திரும்பிய பிறகு பெரும்பாலோர் மறுபடி அடிமையாகவில்லை. பழைய இடமும் பழைய ஆட்களும் இல்லாமல் போனது பெரிய காரணம் என்பேன். ஆகவே முதலில் தம்பியின் போன் நம்பரை மாற்றுங்கள்.

மருந்துக்கும் மருத்துவரைப் பாருங்கள். பியூப்ரினார்பின் என்ற மருந்து, மூளை செல்லில் ஹெராயின் போய் ஒட்டும் இடமான ஏற்பியை ஓரளவே தூண்டி, ஏக்கத்தைத் தணிக்கிறது. நால்ட்ரெக்ஸோன் அதே ஏற்பியை அடைத்துவிடும். ‘ஒரு போதைக்கு இன்னொரு போதையா?’ என்று முதல் மருந்தைப் பார்த்து முகம் சுளிக்கும் உறவினர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அளவோடு தொடர்கிறவர்கள் வேலைக்குப் போகிறார்கள், உயிரோடும் இருக்கிறார்கள். ஏனென்றால், விட்டவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் உடம்பு தாங்காது, மூச்சு நின்றுவிடலாம். அளவு மீறி மூச்சு தடைபடும்போது உயிர்காக்கக் கொடுக்கும் மருந்தான நலாக்ஸோன் கிடைக்கும் இடமானால் வீட்டில் வைத்திருங்கள்.

கேள்வி: ஏக்கத்தையே மூளையிலிருந்து அழித்துவிட முடியாதா?

பதில்: இப்போதைக்கு முடியாது. இன்சுலா என்ற பகுதி பக்கவாதத்தில் சேதமான சிலர் புகைபிடிக்கும் எண்ணமே இல்லாமல் சட்டென்று விட்டதாக 2007-ல் ஓர் ஆய்வு வந்தது. அதற்காக மூளையைச் சேதப்படுத்த முடியுமா! மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்புகளால் தூண்டும் முறைக்குப் புகைப்பழக்கத்தைக் கைவிட உதவும் சிகிச்சையாக 2020-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. கோகெயினுக்கு இன்றுவரை அங்கீகரிக்கப்பட்ட மருந்தே இல்லை. கோகெயின் பழக்கத்துக்கு ஆலோசனையும், போதை எடுக்கவில்லை என்று சோதனையில் தெரிந்தால் சிறு பரிசு தரும் முறையுமே நன்றாக வேலை செய்கின்றன.